மூன்று உயிருள்ள விளையாட்டு

கசெட் போட்டு ஆடும் பழைய ரீவி கேம் பெட்டிக்காக நானே தனியாக ஒரு சிறு விளையாட்டை எழுதினேன். கண்ணிவெடி வயலை ஒரு பெண் கடக்க வேண்டும். அவளுக்கு மூன்று உயிர்கள். பிள்ளைகளுக்கு எச்சரிக்கை பழகும் என்று மனதார நம்பினேன். முள்ளியவளையில் நான் படிப்பிக்கும் ரியூசன் கொட்டிலில் அதைப் போட்டுக் காட்டிய அன்று, கண்ணிவெடி அகற்றும் வேலை செய்யும் என் அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன்.

முதலில் ஆடிய சிறுமி வெடி இருக்கும் இடங்களைக் காட்டும் சிவப்புத் தடிகளை விட்டு விலகிக் கவனமாகவே நடந்தாள். தவறி ஒரு வெடியை மிதித்ததும் திரை செம்மஞ்சளாகச் சிதறியது. கொட்டிலே கைதட்டியது.

“எடி, மற்றதையும் மிதி!”

அதன்பின் எவரும் வயலைக் கடக்க முயலவில்லை. வெடிகளைத் தேடித் தேடி மிதித்தார்கள்.

அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டார். “இதில எந்தப் பகுதிக்கடா உனக்குக் கனநாள் எடுத்தது?”

“வெடிக்கு.”

“ஓம், தெரியுது. நல்ல வடிவாச் செய்திருக்கிறாய்.”

திரையில் வரும் அந்தப் பெண்ணின் நடைக்கு நான் செலவிட்டது ஒரே ஒரு மாலை. அவள் சிதறுவதற்கு ஒரு மாதம். என் விரல்களே எனக்கு அருவருத்தன. பெட்டியை அணைத்தேன்.

“சேர், இன்னும் ஒரு உயிர் கிடக்கு!” என்று கத்தினாள் அந்தச் சிறுமி.