ஒன்றரைக் கட்டை மாப்பிள்ளை

நசரத்பேட்டை மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையான என் மாமா மகன் வந்திருந்தான், பெண் வந்திருந்தாள், பெண்ணின் அப்பா ஆர்மோனியத்தோடு வந்திருந்தார், நானும் இருந்தேன். வராதது அம்பத்தூர் எஸ்டேட்டில் மச்சான் வேலை செய்யும் லேத் மெஷின்தான். உண்மையில் அது வந்திருக்க வேண்டும்.

பெண்ணின் அப்பா ஒரு காலத்தில் நாடகக் கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளை ஒரு பழைய நாடகப் பாட்டை முழுசாகப் பாட வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் மச்சான் பாடிவிடலாம் என்று ஒப்புக்கொண்டான். பாட்டு கெட்டால் தட்டு மாறாது என்ற பயம் அன்றிலிருந்து அவனுக்கு.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். ஃபாரம் நிரப்புவதும் மாத்திரைச் சீட்டு படிப்பதும் என்னிடம் வருவதுபோல, பாட்டு பொறுக்கும் வேலையும் வந்தது. நான் படித்தது காமர்ஸ். நோட்டுப் போட்டு, செல்போனில் சுருதி பார்த்து ஆராய்ந்தேன். நாடகப் பாட்டுக்கு ஐந்து கட்டை சுருதி வேண்டும்; மச்சான் குரலுக்கு ஒன்றரைதான். ராஜா வேடப் பாட்டுகளை நோட்டில் அடித்துவிட்டேன், உச்சியில் கத்த வேண்டும். காதல் பாட்டில் இழுக்க மூச்சு போதவில்லை. பபூன் பாட்டு அளவாகப் பொருந்தியது, ஆனால் மாப்பிள்ளை அதைப் பாடுவது அழகில்லை. கடைசியில் வாசல் காவல்காரன் பாடும் பாட்டு ஒன்று கிடைத்தது. ஐந்து சுரத்துக்குள் முடிந்துவிடும்.

லேத் பட்டறையில் அருமையாகப் பாடினான். திருமுல்லைவாயில் வீட்டில் வரிக்கு ஒரு சுருதி. நாலு நாள் கழித்து அவனே சொன்னான்:

"மெஷின் ஓடலைன்னா எங்க புடிக்கிறதுன்னே தெரியல மாமே."

பத்து வருடமாக அந்த ரீங்காரத்தோடே பாடிப் பழகியவன். அதே சத்தத்தைத் தேடி ஃபேன், மிக்ஸி, தண்ணி மோட்டார் எல்லாவற்றிடமும் செல்போனை நீட்டினேன். கடைகளில் மாவு அரைக்கும் பெரிய கிரைண்டர் சரியாகப் பொருந்தியது. பட்டாபிராமில் வாடகைக்கு எடுத்து, மேடைக்குப் பின்னால் சமையல்கட்டில் வெறுமனே ஓடவிட்டேன்.

முதல் இரண்டு வரி அருமை. கல் சும்மா சுற்றுகிறதே என்று சமையல்காரர் வடைக்கு ஊறவைத்த உளுந்தைக் கொட்டினார். சத்தம் இறங்கியது. மச்சானும் நேர்மையாக இறங்கினான். ஆர்மோனியம் கட்டை கட்டையாகத் துரத்திக்கொண்டு வந்தது. சமையல்காரர் சுவிட்சுக்குக் கை நீட்டியபோதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நின்றால் பாட்டும் நின்றுவிடும். பாட்டு முடிவதற்குள் உளுந்து சூடேறி நீர்த்துவிட்டது.

பெண்ணின் அப்பா பெட்டியை மூடினார்.

"இத்தினி வருசமா வாசிக்கிறேன். பாடிகினே படி எறங்குனவர இன்னிக்கிதான் பாக்கறேன். பொண்ண தரேன் மாப்ள. இனிமே மட்டும் பாடாதீங்க."

தட்டு மாறியது. கிரைண்டர் வாடகை ஐந்நூறு, ஆட்டோ முந்நூற்றைம்பது, வடைக்கு ஆகாமல் போன இரண்டு கிலோ உளுந்து முந்நூற்றிருபது. ஆக மொத்தம் ஆயிரத்து நூற்று எழுபது ரூபாய்.