மூன்று சுற்று நூல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் நம் கம்பெனி பேக்கிங்கில் இருக்கும் குமுதா போனில் கூப்பிட்டார். "ஸ்டெல்லா அக்கா காலையில தவறிட்டாங்களாமுங்க. ஊர்ல இருந்து அவங்க பையன் சொன்னாருங்க." ரப்பர் குழாயை வாளியில் விட்டபடியே நின்றுவிட்டேன். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் கட்டிலுக்கு அடியில் போன பிறகு என் மனைவி வந்துதான் குழாயை எடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தரையைத் துடைக்கத் துணி தேடினேன்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் நம் பனியன் கம்பெனியில் இருந்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் துணி செக்கிங் மேஜையில் தெரியும். ஓடுகிற துணியில் கடுகளவு ஓட்டையைக்கூடத் தப்பவிடாத கண் அவருக்கு. தையல் லைன் சூப்பர்வைசரான நான் துணி கேட்டுக் குதித்ததும், அவர் காது கேளாதவர்போல நிதானமாக ரோலை ஓட்டியதும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த மேஜைக்குப் பின்னால் ஜன்னலில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்ததையும், அதற்குள் தண்ணீரில் ஒரு செடி நின்றதையும் எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது. எங்கள் இருவருக்கும் சமாதானம் வந்தது அந்தப் பாட்டிலால்தான்.

மகள் ஆசைப்பட்டாள் என்று தொட்டி வாங்கியிருந்தேன். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. செடிகள்தான் ஒன்று விடாமல் அழுகின. சாப்பாட்டு நேரத்தில் நான் புலம்பியதைக் கேட்ட அக்கா, செடியின் தடித்த தண்டை மணலுக்குள் புதைத்தீர்களா என்று கேட்டார். செடியென்றால் நட்டுத்தானே வைக்கவேண்டும் என்றேன். சேவூரில் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்கா நடத் தெரியாது என்ற கொழுப்பு. "இது புதைச்சா அழுகிரும் தம்பி. கல்லப் பிடிச்சு வாழுத ரகம்" என்றார். மறுநாள் அனுபியாஸ் என்ற செடியில் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்து, கல்லின் மேல் வைத்து நூலால் கட்டச் சொன்னார்.

நூல் விஷயத்தில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? லைனில் இருப்பதிலேயே உறுதியான பாலியஸ்டர் நூலை எடுத்துப் பத்துச் சுற்று இறுக்கிக் கட்டினேன். வேர் வந்துவிட்டதா என்று தினமும் இழுத்தும் பார்த்தேன். மூன்றாவது வாரம், சர்ச் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லை எடுத்தார். நூல் தண்டைப் பாதி அறுத்திருந்தது. அக்கா திட்டவில்லை. கைப்பையிலிருந்து கொஞ்சம் பருத்தி நூலை எடுத்து மூன்றே சுற்று, தளர்வாகச் சுற்றினார். இது இரண்டு மாதத்தில் அழுகிவிடுமே என்றேன்.

"அழுகத்தான் வேணும். செடி தானாப் பிடிக்கது வரைக்குந்தான் நூலுக்கு வேல. நீங்க தினமும் இழுத்துப் பாத்தா அது எப்படித் தம்பி பிடிக்கும்?"

நூல் அறுந்தால் சரக்கே திரும்பி வருகிற ஊர் இது. இங்கே நூல் அழுகட்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

செடி சீக்கிரம் வளரட்டும் என்று நான் விடிய விடிய விளக்கு எரித்து, தொட்டி முழுக்கப் பாசி பிடித்த கதையும் உண்டு. ட்யூப்லைட்டுக்கு அடியில் எட்டு மணிநேரம் நின்றாலே தனக்குக் கண் எரிகிறது, செடி மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டார். அதன்பிறகு பகலில் ஏழு மணிநேரம்தான் விளக்கு.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு திருப்பூர் வந்தவர். இங்கே ஐந்து வீடு மாறியிருக்கிறார். ஏன் மீன்தொட்டிச் செடிமேல் இவ்வளவு பிரியம் என்று ஒருமுறை கேட்டேன். "வாடகை வீட்டு மண்ணுல வச்சா விட்டுட்டுல்லா போகணும். இது கல்லோட கூட வரும்" என்றார். ஒவ்வொரு முறையும் சாமான் வண்டியில் செடியோடு ஒரு வாளித் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு போனாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சிறுநீரகம் கெட்டு ஊருக்குப் போனபோது மட்டும் அந்த வாளி கூடப் போகவில்லை. தன் தொட்டியிலிருந்த அனுபியாஸை எனக்காகப் புதுக் கல்லில் வைத்து, அதே மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். நான் கட்டுகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. "பிடிச்சதும் ஒரு போன் போடுங்க. வந்து பாக்கேன்."

இந்த முறை நான் இழுத்துப் பார்க்கவேயில்லை. என் ஆயுளில் பொறுமையாக இருந்தது இந்த ஒரு காரியத்தில்தான். அவர் போனில் கேட்கும்போதெல்லாம், இன்னும் தொடவில்லை அக்கா, இருக்கட்டும் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

சேதி வந்த ஞாயிற்றுக்கிழமை தரையைத் துடைத்து முடித்தபின் தொட்டிக்குள் கையை விட்டேன். இலைகளை விலக்கி, தண்டை மெல்ல இழுத்தேன். வரவில்லை. கல்லும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு வந்தது. வேர்கள் கல்லைச் சுற்றிப் பின்புறம் வரை போயிருந்தன. எப்போதோ பிடித்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை. ஒரு போன் போட்டிருக்கலாம்.

செடி இருக்கிறது. புது இலை ஒன்று விட்டிருக்கிறது. யார் கேட்டாலும் ஒரு துண்டு வெட்டித் தருவேன். கல்லைத் திருப்பித் திருப்பி வேருக்கு நடுவே விரலால் தடவிப் பார்த்தேன். நூல் ஓர் இழைகூட மிச்சமில்லை. அக்கா சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த நூல் வேண்டும்.