பதினான்கு அழைப்புகள்

என் மகனுக்கு வயது நாற்பத்தொன்று. பத்து சக்கர லாரி ஓட்டுகிறான். கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லில் அரிசி மூட்டை ஏற்றி பெங்களூருக்குக் கொண்டுபோகிறான். புறப்படுமுன் இரும்புக் கம்பியால் டயர் டயராகத் தட்டிப் பார்ப்பான். காற்று கம்மியாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பான். வண்டி வீட்டுப் பக்கம் நிற்கும் நாட்களில் நான் அவன் பின்னாலேயே போய்ச் சக்கர நட்டுகளை எண்ணுவேன். மொத்தம் அறுபது. முப்பத்திரண்டு வருஷம் நில அளவை வேலை பார்த்தவன் நான். எண்ணிப் பார்க்காத எதையும் மனசு நம்புவதில்லை.

அவன் கிளம்பிப் போன பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. அதுதான் கஷ்டம். போனை எடுத்துவிடுவேன். செங்கம் தாண்டியாச்சா, பிரேக்குக்குக் காற்று சரியாக இருக்கிறதா, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்துவிட்டதா என்று கேட்பேன். எடுக்கவில்லை என்றால் மறுபடியும் கூப்பிடுவேன். அவன் குரலைக் கேட்டால்தான் ஓரிடத்தில் உட்கார முடியும்.

போன மாசம் ஒரு நாள் காலையில் கீழ்பென்னாத்தூரில் துக்கம் விசாரித்துவிட்டு, மூட்டை ஏற்றி வந்த அவன் வண்டியிலேயே வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் பாதி ரோட்டை அடைத்து வேர்க்கடலை காயப்போட்டு, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். அப்போது அவன் போன் அடித்தது. இரண்டாவது மணிக்குள் அவன் கை போனுக்குப் போனது, கண்ணும் கூடவே போனது. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. முன்சக்கரம் கல் மேல் ஏறி இறங்கியது. பிரேக்கை மிதித்து அவன் வண்டியை நிறுத்தியபோது அந்த அம்மாளுக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது.

"கண்ண எங்க வெச்சினு ஓட்டற? என் மேல ஏத்திட்டா இந்த மல்லாட்டைய யாரு வாருவாங்க, நீ வந்து வாருவியா?" என்று கத்தினாள்.

மகன் இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். சிதறிய கல்லை எடுத்து வைத்தான். போனில் கூப்பிட்டது மருமகள். நான் மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததைச் சொல்லத்தான்.

கொஞ்ச தூரம் போய் ஓரம் நிறுத்தினான். அதுவரை வராத கோபம் எனக்கு அப்போது வந்தது.

"ஓட்டும்போது போன எடுக்கலாமாடா?"

"எடுக்கலன்னா நீங்க விடுவீங்களாப்பா? யாரு கூப்ட்டாலும் நீங்கதான்னு கை தானா போயிடுது."

போனை என்னிடம் நீட்டினான். முந்தின நாள் நான் கூப்பிட்டதை மட்டும் எண்ணினேன். பதினான்கு. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை எண்ணினேன். அதே பதினான்கு.

"இனிமே போன் சீட்டுக்குப் பின்னாடி பெட்டியில இருக்கும். வண்டிய நிறுத்துற எடத்துல நானே கூப்பிடறேன்" என்றான்.

"எங்க நிறுத்துவ?"

"ஊத்தங்கரையில. டீ குடிக்க."

செங்கம் ரோட்டில் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது மணி பதினொன்றரை. ஊத்தங்கரைக்கு இரண்டு மணி நேரம். ஒன்றரை ஆனது, அழைப்பு வரவில்லை. இரண்டு ஆனது. வாசலிலிருந்து ரோட்டுக்கு நாற்பத்தாறு அடி; போய்ப் போய் வந்தேன்.

"மாமா, ரோட்டத் தேச்சுப் போடாதீங்க, சாப்பிட வாங்க" என்றாள் மருமகள். சொன்னாளே தவிர, அவளும் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டரைக்கு அவன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். அழுத்தினால் எடுப்பான். பெட்டியைத் திறக்கப் பின்னால் திரும்புவான். எத்தனை நொடி திரும்புவான்? கட்டைவிரலை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

மூன்று பத்துக்கு அவனே கூப்பிட்டான்.

"எங்கடா இருக்க?"

"செங்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியிலப்பா. சாப்ட்டதும் கண்ணு சொருகிச்சு. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு படுத்துட்டேன். இப்பதான் எழுந்தேன்."

"அவ்வளவு நேரமா?"

"நீங்க எழுப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் கூப்பிடலயே."

"அதான் நல்லா தூங்கிட்டேன்."

முகம் கழுவினாயா என்று கேட்க வாயெடுத்தேன்.

"வெச்சிடறேன்பா, வண்டி எடுக்கணும்."

ஊத்தங்கரைக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். போனை மருமகளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.