இருபத்து மூன்றாம் எண்

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்று அப்பாசாமி அண்ணன் தம் மனைவி ஜெயாவிடம் கேட்டால், மூன்றாவது வீட்டிலிருந்து "கத்தரிக்காய்!" என்று பதில் வரும். அவ்வளவு பெரிய குரல். அதற்குக் காரணம் அவருடைய வேலை. மலாக்கா டவுனில் ஒரு சிறிய வங்கியில் அவர் பியூன். பணம் எடுக்க வருகிறவர்களுக்கு எண் பொறித்த பித்தளை டோக்கன் கொடுப்பார். காசாளர் தலையசைத்ததும் அந்த எண்ணைத் தமிழிலும் மலாயிலும் கூவுவார். பத்து வருடமாக இதே வேலை.

"முகத்தைப் பார்க்கக் கூடாது, எண்ணைத்தான் பார்க்கணும். முகத்தைப் பார்த்தா மாமன் மச்சான் வந்துடுவான்" என்பது அவர் கொள்கை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற ஆண்டு அது. பிப்ரவரி முழுக்க மழை இல்லை. காஜா பெராங்கில் எங்கள் தெருக் குழாயில் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் தண்ணீர் வந்தது. "ஆகஸ்டுல சுதந்திரம் வருதாம். அதுக்கு முன்னாடி தண்ணி வருமான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க" என்று பெண்கள் கேலி பேசிக்கொண்டே மண்ணெண்ணெய் டின்களோடு இடித்துக்கொண்டார்கள். ஒருநாள் சண்டையில் பறந்த டின் ஒன்று, கிளேபாங்குக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் முன்சக்கரத்தில் வந்து விழுந்தது. அவர் சாக்கடையில் விழுந்தார். அவர்தான் அப்பாசாமியின் வங்கிக் காசாளர் தேவதாஸ்.

மறுநாள் முழங்கையில் கட்டோடு வேலைக்கு வந்தார் தேவதாஸ். "அப்பாசாமி, நம்ம கவுண்டர்ல இப்படி ஒருநாளாவது டின் பறந்திருக்கா?"

"டோக்கன் இருக்கே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

வங்கி மூன்று மணிக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு தேவதாஸ், தட்டெழுத்தாளர் விஜயா, அப்பாசாமி மூவரும் குழாயடிக்கு வந்து வரிசையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. டோக்கன்களை வெளியே கொண்டுபோக மேனேஜர் லேசில் சம்மதிக்கவில்லை. ஒன்று தொலைந்தாலும், கண்டெடுத்தவன் அதைக் காட்டி வேறொருவர் பணத்தை வாங்கிவிடலாம் அல்லவா?

"நாற்பது போகட்டும். காலையில நாற்பதும் வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் அப்பாசாமி, நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார் கடைசியில்.

நான்கு நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு டோக்கனுக்கு இரண்டு டின். "பத்தொன்பது! செம்பிலான் பெலாஸ்!" என்று அண்ணன் கூவுவார். சீனப் பெண்களும் மலாய்க்காரப் பெண்களும் மலாய் பேசும் தமிழ் வம்சத்துச் சிட்டி வீட்டுப் பெண்களும் வரிசை தவறாமல் வந்தார்கள். தேவதாஸ் குழாயைத் திருகினார். விஜயா வயதானவர்களின் டின்னைத் தூக்கிக் கொடுத்தார். ஆறு மணிக்குத் தண்ணீர் நின்றதும், கூப்பிடாத எண்களை அப்பாசாமி திரும்ப வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்பார். வங்கியிலும் அதுதான் வழக்கம்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது. இருபத்து மூன்றைக் காணவில்லை. தேவதாஸ் சாக்கடையில் கைவிட்டுத் தேடினார். "நான் இதுல விழுந்து பழக்கப்பட்டவன், நீங்க தள்ளுங்க" என்றார். அப்பாசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

சனிக்கிழமையும் அரைநாள் வங்கி உண்டு. காலை ஏழு மணிக்கே அவர் தெருவில் இறங்கிவிட்டார். "இருபத்து மூணு! டுவா புலோ தீகா!"

"என்ன அண்ணே, தொலைஞ்ச மாட்டுக்கு நம்பர் வச்சுட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆனாலும் ஆளுக்கொரு மூலையாகத் தேடத் தொடங்கினார்கள்.

தெருக்கோடித் தகர வீட்டு வாசலில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். நகராட்சியில் தெருக்கூட்டும் வேலை அவருக்கு. "கத்தாதீங்கண்ணே. எங்கிட்டதான் இருக்கு."

"அட, கொடு தாயே! மணி எட்டாகப் போகுது!"

"கொடுக்க மாட்டேன். என் நம்பரை நீங்க இன்னும் கூப்பிடலையே."

"நேத்து இருபத்திரண்டோட தண்ணி நின்னுபோச்சு. இன்னைக்கு வந்து புதுசா வாங்கிக்க."

"அஞ்சு மணிக்குத்தான் எனக்கு வேலை முடியும். அப்போ வந்தா பின்னாடி நம்பர்தான் கிடைக்கும். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துட்டு வெறும் டின்னோட போனேன். பக்கத்து வீட்டுல ஒரு குடம், கடையில ஒரு குடம்னு பிச்சை எடுத்துப் பொழைச்சேன். நாலு நாளும் உங்க கையிலதான் கொடுத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அண்ணனுக்கு ஞாபகம் இல்லை. அவர் முகங்களைப் பார்ப்பதில்லையே. திரும்பி வீட்டுக்கு ஓடினார்.

"என்னங்க, அது குளிக்கிறதுக்கும் சோறாக்குறதுக்கும் வச்சது!" என்று ஜெயா கத்துவதற்குள், காண்டாக் கம்பின் இரு முனையிலும் டின்களை மாட்டித் தோளில் ஏற்றிவிட்டார். தெருவே பின்னால் வந்தது. அஞ்சலை வீட்டு வாசலில் டின்களை இறக்கினார். நிமிர்ந்து அஞ்சலையின் முகத்தைப் பார்த்தபடி, கவுண்டரில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கூவினார்:

"இருபத்து மூணு!"

"இதோ!" என்று அஞ்சலை புடவை முடிச்சை அவிழ்த்தார். பித்தளை பளபளத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

வங்கி திறக்க ஐந்து நிமிடம் இருக்கையில், ஒன்பது இருபத்தைந்துக்கு, நாற்பது டோக்கன்களும் மேனேஜர் மேசையில் இருந்தன. தேவதாஸ் அப்பாசாமியின் பக்கம் வந்து மூக்கைச் சுளித்தார். "என்னப்பா, குளிக்கலையா?"

"என் தண்ணி இருபத்து மூணுக்குப் போயிடுச்சு சார்."

விவரம் கேட்ட விஜயா, பழைய காலண்டர் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டினார். தண்ணீர் கிடைக்காமல் போகிறவர்கள் இனி டோக்கனைக் கொடுத்துவிட்டு அட்டை வாங்கிக்கொள்ளலாம். அட்டை வைத்திருப்பவர் எத்தனை மணிக்கு வந்தாலும், அடுத்த முறை அவருக்குத்தான்.

அன்று மாலை அண்ணன் முதலில் கூப்பிட்டது ஒன்றாம் எண்ணை அல்ல. முந்தின நாள் வெறுங்கையோடு திரும்பிய இருபத்து நான்கை. "யாரு நேத்து இருபத்து நாலு?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.