துபாய்க்குப் போகாத பூசணிக்காய்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, கருவாடு விற்கிற நான் ஒரு பூசணிக்காயால் மாட்டிக்கொண்டேன். இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதேன்.

கடலூரில் இருந்துகொண்டு ஆன்லைனில் கருவாடு விற்கிறேன். சரக்கெல்லாம் பரங்கிப்பேட்டை செல்வி அக்கா காயவைத்துத் தருவது. போன அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கறிகளைச் சபையில் ஏலம் விட்டபோது, துபாயில் இருக்கிற நம் சபைப் பிள்ளைகள் வீடியோ காலில் ஏலம் கேட்டார்கள். ஒரு பூசணிக்காயின் விலையைப் போட்டி போட்டு ஏற்றிவிட்டார்கள். பணம் அனுப்ப வழி கேட்டபோது என் கடையின் பேமெண்ட் லிங்க்கை நானே பெருமையாகக் கொடுத்தேன். குறிப்பில் ‘பூசணிக்காய்’ என்று எழுதி அனுப்பினார்கள். ஏலம் எடுத்த காயை யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்? அது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அன்பின் விருந்தில் சாம்பாராகிவிட்டது.

அடுத்த வாரமே பேமெண்ட் கம்பெனி என் கணக்கை முடக்கியது. கருவாட்டுப் பணமும் உள்ளே சிக்கியது. கருவாட்டுக் கடைக்குப் பூசணிக்காய்ப் பணம் ஏது என்று சந்தேகப்பட்டு, பூசணிக்காயைத் துபாய்க்கு அனுப்பிய ரசீதைக் கேட்டார்கள். நான் எங்கே போவேன்?

செல்வி அக்கா மழைக்கு முன் மீன் வாங்கிக் காயப்போட்டாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் அவருக்குப் பிழைப்பில்லை. என்னிடமோ கொடுக்கப் பணமில்லை. மச்சினன்தான் ஒரு வழி சொன்னான்.

"பூசணிக்காய்னு தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லி, கருவாடு அனுப்புன மாதிரி ஒரு பில்லு போட்டுடுங்க மாமா. யாரு பாக்கப் போறா?"

போட்டும் விட்டேன். அனுப்பும் முன் ஜெபிக்க முழங்காலிட்டேன். ஆண்டவரே, இந்தப் பொய்யை ஆசீர்வதியும் என்று எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

பில்லைக் கிழித்தேன். ஏலம் என்றால் என்ன, காய் எங்கே போனது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். விருந்துப் படத்தையும் சேர்த்தேன். காணிக்கையை அனுப்பியவர்களுக்கே திருப்பிவிடுகிறேன் என்றேன். உண்மையான ஆர்டர்களுக்குக் கூரியர் ரசீதுகளைத் தனியாக அனுப்பினேன். பதில் வரவில்லை. கோபப்படாமல் அதே புகார் எண்ணில் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து போனை எடுத்தால், கணக்கைத் திறந்துவிட்டதாகச் செய்தி! கருவாட்டுப் பணம் கைக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு ஓடினேன். அக்கா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உங்க சாமி கண்ணத் தொறந்துட்டாரு தம்பி. நாளைக்கே மீன் எடுத்துடுவேன்."

ஸ்தோத்திரம். சொன்னபடியே துபாய்ப் பணத்தைத் திருப்பிவிட்டேன். இப்போது காணிக்கை சபைக் கணக்குக்கே போகிறது. கடைக் கணக்கில் கடைப் பணம் மட்டும்தான்.

உங்களில் யாருடைய கணக்காவது முடங்கியிருந்தால் பயப்படாதீர்கள். கம்பெனிக்கு எழுதியதை முதலில் ஆண்டவர் முன் சத்தமாக வாசியுங்கள். நா கூசாமல் வாசிக்க முடிந்தால் அனுப்புங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.