சுருட்டிக் கட்டிய படுதா

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில் ஓர் ஐப்பசி மாதம். மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தேன். கட்டட அனுமதி கொடுக்கும் ஆபீஸில் குமாஸ்தா வேலை.

ஒரு பகல் முழுக்கச் சுழன்றடித்த புயல் எங்கள் சந்து முழுவதையும் குப்பைமேடாக்கிவிட்டுப் போனது. தெருக்குழாய் நின்றுவிட்டது. வீட்டுக் கிணறுகளில் சாக்கடை புகுந்துவிட்டது. சந்துக் கோடியில், சற்று மேட்டில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கிணறு மட்டும் கெடவில்லை. ஆனால் கொல்லையை மறைத்திருந்த சுவர் விழுந்து, கிணறு தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

புத்தகம் பைண்டு செய்யும் அந்த வீட்டுக்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே எல்லோரையும் இறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குடங்கள் வரிசையாக வந்தன. கயிறும் வாளியும் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வந்தன. ஆசாரத்துக்குப் பங்கம் வரவில்லை.

அவர் வீட்டுப் பெண்கள் கோஷா. அன்னிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். சுவர் விழுந்த இடத்தில் சாக்குப் படுதா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். குடத்துடன் வருபவர்களுக்கு அது தலையில் தட்டியது. மறுநாளே யாரோ அதை நேர்த்தியாகச் சுருட்டி மேலே கட்டிவிட்டார்கள். கக்கூஸ் கிணற்றுக்கு அப்பால் இருந்தது. பெண்கள் இருட்டும்வரை அறைக்குள் காத்திருந்தார்கள்.

சந்து ஒற்றுமையாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஒரு வக்கீல் தலைமையில் கமிட்டி போட்டார்கள். மரம் வெட்டினோம், ஓடு மாற்றினோம். பைண்டரும் ஒவ்வொரு கூரைக்கும் ஓடு எடுத்துக் கொடுத்தார். கொத்தனார்களைக் கமிட்டி மொத்தமாகப் பேசி வைத்திருந்ததால் அவருக்குத் தனியாக ஆள் கிடைக்கவில்லை. அவர் சுவர் கடைசி என்று தீர்மானம்.

குழாயில் தண்ணீர் வந்தது. குடங்கள் வருவது நின்றது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பைண்டர் எழுந்தார்.

"சாமி, பொம்பளைங்க எத்தினி நாளு உள்ளாறயே கீறது? செவுரு எப்ப எடுப்பீங்க?"

"சிமெண்டுக்கு பர்மிட் வரணுமோன்னோ, பாய்? நானா வச்சுண்டு இல்லேங்கறேன்?" என்றார் வக்கீல்.

அது என் இலாகா. சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்டும் வேண்டாம், பர்மிட்டும் வேண்டாம்; பழைய அஸ்திவாரத்தின் மேலேயே எழுப்பினால் அனுமதிகூட வேண்டாம் என்று எழுந்து சொன்னேன். "ஆபீஸை ஆத்துக்கே கொண்டு வந்துட்டார்" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. பைண்டர் சிரிக்கவில்லை. அடுத்த விஷயமாக, புயலில் தொண்டாற்றியவர்களுக்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. அவர் பெயரும் அதில் இருந்தது.

அந்த வாரமே அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு திருவல்லிக்கேணிக்குப் போய்விட்டார். மூடிய ஜட்கா வண்டி ஒன்று கொல்லைப் பக்கம் ஒட்டி நின்றது. பெண்கள் ஏறுவதற்காக அவர் படுதாவை அவிழ்த்து இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். உதவிக்கு யாரும் வரவில்லை. மறுமுனையைப் பிடிக்க நான் போனேன். "வாணாம் சாமி, பழகிப்போச்சு" என்றார்.

அந்த வீட்டுக்கு வக்கீலின் மாப்பிள்ளை குடிவந்தார். அவர் சாமான்கள் இறங்குவதற்குள் சுவர் எழுந்துவிட்டது. சுண்ணாம்பில்தான்.

இன்றும் எங்காவது புயல் அடித்து, ஊரே ஒன்றுகூடி மீண்டெழுந்தது என்று பத்திரிகையில் படித்தால், அங்கே எந்த வீட்டில் யார் இருட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.