பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம்

காரமடைக்கு மேற்கே கறிவேப்பிலைத் தோட்டங்களில் பாப்பாயியைத் தெரியாத ஆள் கிடையாது. கூலிக்குத் தழை ஒடிப்பவள்தான். ஆனால் கிரகணம் பிடித்துவிட்டால் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்திக் கையை எடுப்பாள். நிற்கும். கிரகணம் விட்டதும் தானாகச் சாயும். அது சாய்ந்து, "உட்டுருச்சு" என்று பாப்பாயி சொன்ன பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சிகள் வாசல் தாண்டுவார்கள். முன்னால் தாண்டினால் பிள்ளைக்கு உதடு பிளந்துபோகும் என்பாள். எதிர்த்துப் பேச அங்கே எவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருசம் தைப் பௌர்ணமிக்குப் பஞ்சாங்கத்தில் கிரகணம் எதுவும் போடவில்லை. அன்றைக்குத்தான் அவள் மகள் ராசம்மாளுக்குப் பொழுது சாயும்போது வலி கண்டது. தலைப்பிரசவம். தழை ஏற்றும் வேன் ஓட்டுகிற ஷேக் பரீத், ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்லியனுப்பியதும் வந்துவிட்டார். மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாசலில் கால் வைத்த ராசம்மாள் மேலே பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா, நெலாவுக்கு என்னாச்சு?"

நிலா முழுசாகத்தான் இருந்தது. எங்கேயும் கடிபடவில்லை. ஆனால் ஒரு பக்கம், புகை பிடித்த விளக்குச் சிம்னி மாதிரி மங்கிக் கிடந்தது. பொட்டு மேகம் இல்லை. மண்ணில் விழுந்த வெளிச்சத்தில் உயிரே இல்லை.

பாப்பாயி மகளை உள்ளே இழுத்தாள்.

"பஞ்சாங்கத்துலயே இல்லீங்களேக்கா. வண்டியில ஏத்துங்க," என்றார் பரீத்.

"இருங்க பாய். உலக்கை சொல்லட்டும்."

விழுந்துவிடும், நிம்மதியாகக் கிளம்பலாம் என்று நினைத்துத்தான் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள். கையை எடுத்தாள். நின்றது.

பரீத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "பேப்பர்ல போட்டிருந்தானுங்க. புறநிழல் கிரகணமாம்." குண்டு பல்புக்கு முன்னால் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "நடுவுல கருப்பா உழுகுது பாருங்க. அதச் சுத்தி வெளுத்தாப்புல ஒரு நெழல் இருக்குதே, அங்க பல்பு வெளிச்சம் பாதி வருது, பாதி வரல. பல்புதான் சூரியன், கைதான் பூமி. கருப்புக்குள்ள போனா நெலாவக் கடிச்ச மாதிரி தெரியும். இன்னைக்கு வெளுத்ததுக்குள்ளயே நொழஞ்சு வெளிய போயிருமாம். கண்ணுக்குச் சரியாத் தெரியாதுன்னுதான் பஞ்சாங்கத்துல போடறதில்லயாட்ட இருக்குது."

"எப்ப உடும்?"

"அந்த நெழலுக்கு ஓரமே இல்லீங்கக்கா. தொட்டதும் தெரியாது, உட்டதும் தெரியாது."

பாப்பாயி மகளை இன்னும் உள்ளே தள்ளி உட்காரவைத்தாள். ஓரம் இல்லாத நிழலுக்குள் மகளை எப்படி அனுப்புவது?

காற்று கிளம்பிக் கதவை அறைந்தது. உலக்கை அசையவில்லை. தட்டுத் தண்ணீரில் ஒரு நெளிவு இல்லை. தெரு நாய்கூட வாயைத் திறக்கவில்லை. உலக்கையின் நிழல் தரையில் நீண்டு வாசற்படி வரைக்கும் கிடந்தது. எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்தாள், பிடிபடவில்லை.

ராசம்மாளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

"ஏனுங்கக்கா, பிரசவம் உங்க புள்ளைக்குங்களா, உலக்கைக்குங்களா?" பரீத் கத்தினார்.

நின்ற உலக்கையை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. யாரையும் தொடவிட்டதும் இல்லை. ஒரு கையால் பிடித்துத் தள்ளினாள். சாயவில்லை. தட்டுக்கு அடியிலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது. மகள் அலறினாள். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துச் சாய்ந்தாள். மெல்லச் சாய்ந்து வந்தது. மரம் உடம்பு மாதிரிச் சுட்டது. பிணத்தைக் கிடத்துவதுபோல் தரையில் கிடத்தினாள்.

"உட்டுருச்சு கண்ணு. வா சாமி."

நிலா அப்படியே மங்கித்தான் கிடந்தது. தன் முந்தானையால் மகள் தலையை மூடி வேனில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கொண்டுவந்து காட்டியதும் பாப்பாயி மேலுதட்டில் விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். முழுசாக இருந்தது.

வெளியே வந்தபோது பரீத் கேட்டார்: "இப்பவாச்சும் உட்டுருச்சுங்களாக்கா?"

அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். "தெரியலீங்க பாய்."

ஆடியில் சூரிய கிரகணத்துக்கு உலக்கை நிறுத்த வரச்சொல்லி ஊரார் ஆள் அனுப்பினார்கள். பேத்தியைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பாப்பாயி, "கையெல்லாம் எண்ணெயா இருக்குது. நீங்களே நிறுத்திப் பாருங்க," என்று சொல்லிவிட்டாள்.